நாலரை மணிக்குப் பார்த்த கடற்கரை

கிழக்குத் தாம்பரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் ஜெர்சனுக்கு,

கர்த்தர் தயவால் சுகமாக இருக்கிறேன். சர்க்கரை மட்டும் சற்று ஏறியிருக்கிறது. நீயும் நிஷாவும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். தாம்பரத்திலிருந்து நாவலூருக்குக் கடிதமா என்று நிஷா சிரிப்பாள். சிரிக்கட்டும். போனில் நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வரும்போது உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது.

நீ அனுப்பிய இரண்டு பக்கம் கிடைத்தது. சனிக்கிழமை வாசகர் வட்டக் கூட்டத்தில் அப்பாவின் ‘அலைவாய்க் குப்பம்’ நாவலின் மறுபதிப்பை வெளியிடும்போது, பொன்னாடை போர்த்திக்கொண்டு நான் அதை வாசிக்க வேண்டுமாம். “அவருடைய வெற்றிக்குப் பின்னால் மௌனமாக நின்றேன்” என்று தொடங்குகிறது. நான் எப்போது மௌனமாக நின்றேன்? உன் பழைய ஹெட்மாஸ்டரைக் கேட்டுப் பார். நான்கு பிழைகள் இருந்தன. திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் வாசிக்க மாட்டேன். என் கட்டுரையைத்தான் வாசிப்பேன்.

கட்டுரையைப் பார்த்துவிட்டு நீ கோபமாகக் கேட்டாய்: “செத்துப்போனவரை மேடைல வச்சுக் கிழிக்கிறீங்களே, அவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமாம்மா?” கேள்வி நியாயமானது. பதிலும் சொல்கிறேன்.

நான் யாரையும் கிழிக்கவில்லை. கான்வென்டில் சிஸ்டர் அக்னெஸ் கற்றுக்கொடுத்தபடி படித்தேன், அவ்வளவுதான். ஒவ்வொரு அத்தியாயத்திலும் யார் என்ன செய்கிறார்கள் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன். ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள், பஞ்சாயத்து பேசுகிறார்கள், மீனை ஏலம் விடுகிறார்கள், அடிக்கிறார்கள், மன்னிக்கிறார்கள். பெண்கள் காத்திருக்கிறார்கள், அழுகிறார்கள், குழம்பு வைக்கிறார்கள். கதாநாயகி செங்கமலம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் கட்டுமரம் போன திசையைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்திருக்கிறாள். வாத்தியார் மனைவியாக வரும் தேவகிருபை பதினாறு இடங்களில் வருகிறாள். பதினாறிலும் அவள் கையில் காப்பி டம்ளர். மொத்தம் மூன்று முறை பேசுகிறாள். மூன்றும் “வந்துட்டீங்களா?” அந்த டம்ளர் எந்த வீட்டுடையது என்பது எனக்குத் தெரியும்.

கடலைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களை இன்றும் நிறுத்தி நிறுத்தித்தான் படிக்கிறேன். அதையும் கட்டுரையில் சொல்லியிருக்கிறேன். நீ அந்தப் பக்கம் வரை போகவில்லை போலிருக்கிறது.

அப்பா செய்த தவறு ஒன்றுதான். அவர் வாத்தியாராக இருந்த கேளம்பாக்கம் பள்ளிக்கூடத்தில் நாலு மணிக்கு மணி அடிக்கும். நாலரைக்குக் குப்பத்துக்குப் போவார். அந்த நேரத்தில் அங்கே யார் இருப்பார்கள்? ஆண்கள் நிழலில் உட்கார்ந்து வலை பின்னுவார்கள், அவரோடு பேசுவார்கள். பெண்களில் கிழவிகளும் கைக்குழந்தைக்காரிகளும்தான் கண்ணில் படுவார்கள். மற்றவர்கள் காலையில் மணலில் ஏலம் விட்டு முடித்து, கூடையைத் தலையில் ஏற்றி, கண்டக்டரோடு சண்டை போட்டுப் பஸ் ஏறி, ஊர் ஊராக விற்றுக்கொண்டிருப்பார்கள். எட்டு வருடம் அதே நாலரை மணிக்குப் போனவர், குப்பத்துப் பெண்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று எழுதிவிட்டார்.

அதே நாலரைக்கு அந்தக் குப்பத்து முத்தாலம்மாள் நம் வீட்டு வாசலில் சங்கரா மீன் செதில் உரசிக்கொண்டிருப்பாள். உனக்கு நினைவிருக்கும், நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய். போன மாதம் அவளுடைய மருமகள் அஞ்சலி நாவலைப் படித்துக் காட்டியிருக்கிறாள். அஞ்சலி அஞ்சல்வழியில் எம்.ஏ. தமிழ் படிக்கிறாள். முத்தாலம்மாள் நேராக இங்கே வந்துவிட்டாள். “இன்னாம்மா இது, பொம்பளைங்க எல்லாம் கடலயே பாத்துகினு குந்தினு கீதுங்க? அப்போ மீன யாரு வித்தது, உங்க வூட்டுக்காரரா?” என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “எங்கம்மா ஏலம் வுட்டா ஆம்பளைங்க தள்ளி நின்னு கேட்டுகினு இருப்பாங்கம்மா. அத்த ஏன் எழுதல?” என்றாள்.

‘அந்தக் காலம் அப்படி’ என்று நீ சொல்வதற்கு அவள் பதில் போதும்.

இனி நான் சொல்வதை நிஷாவும் படிக்கட்டும். அந்த நாவலை மூன்று முறை நகல் எடுத்தவள் நான். நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. ஏலக் காட்சியில் ஆண் ஏலம் விடுவதாக வந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு அவரிடம் போய்ச் சொன்னேன். “கதைக்கு அது தேவையில்ல ஈவ்லின்” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தார். நான் திரும்பி வந்து, தவறு என்று தெரிந்தே, அழகான கையெழுத்தில் எழுதி முடித்தேன். அதற்குப் பிறகு அவர் முப்பது வருடம் உயிரோடு இருந்தார். பதில் சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. மறுபடி கேட்க எனக்கும் நேரம் இருந்தது. ஆகவே என் கட்டுரையில் குற்றவாளிகள் இரண்டு பேர். இரண்டாவது பெயர் என்னுடையது.

அடுத்த ஆண்டு நாவலை ஒரு கல்லூரியில் பாடமாக வைக்கப்போகிறார்கள், இந்த நேரத்தில் கெடுக்காதீர்கள் என்கிறாய். பாடமாக வைக்கப்போவதால்தான் சொல்கிறேன். குப்பத்துப் பிள்ளைகளே இப்போது கல்லூரிக்கு வருகிறார்கள். தங்கள் தாய் மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள் என்று எழுதி மதிப்பெண் வாங்க வேண்டுமா அந்தப் பிள்ளைகள்?

நேற்று வாசகர் வட்டச் செயலாளர் ஜெயகிருஷ்ணன், மாடம்பாக்கத்திலிருந்து வெயிலில் ஸ்கூட்டரில் வந்தார். நீ பேசிய பிறகுதான் வந்திருக்கிறார். “மேடம், கொஞ்சம் சாஃப்டா…” என்று இழுத்தார். எந்த வரி என்று கோடு போட்டுக் காட்டுங்கள், பேசலாம் என்று பென்சிலைக் கொடுத்தேன். பாவம், அவர் கட்டுரையைப் படிக்கவில்லை. நாவலையும் படிக்கவில்லை என்பது மோர் குடித்து முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. அழைப்பிதழில் ‘ஏற்புரை: திருமதி லாசரஸ்’ என்று இருந்ததை ‘கட்டுரை: ஈவ்லின்’ என்று மாற்றச் சொல்லி அனுப்பினேன். பொன்னாடை வேண்டாம், மே மாதம் அதைப் போர்த்திக்கொண்டு யாரால் பேச முடியும்?

நீ மறுபடியும் பேசி என் பெயரை எடுக்கச் சொல்லலாம். எடுத்தால், கேள்வி நேரத்தில் எழுந்து நின்று வாசிப்பேன். எட்டுப் பக்கம். எழுபத்தொன்பது வயதுக்காரியை உட்காரச் சொல்லும் துணிவு அந்த அரங்கில் யாருக்கும் வராது. முத்தாலம்மாளும் அஞ்சலியும் வருகிறார்கள். முன்வரிசையில் இரண்டு நாற்காலி சொல்லிவைத்திருக்கிறேன். உனக்கும் ஒன்று.

அப்பாவின் நினைவு உனக்கு எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியும். எனக்கும் சிறியதல்ல, நாற்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தோம்.

கர்த்தர் உன்னையும் நிஷாவையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வா, ஜெர்சன். நான் சொல்வதை ஒப்புக்கொள்ள வேண்டாம், கை தட்ட வேண்டாம். எட்டாவது பக்கம் முடியும்வரை எழுந்து போகாமல் கேள். உன் அப்பா எனக்கு எவ்வளவோ செய்தார். அதை மட்டும் செய்ததில்லை.

உன் அம்மா,
ஈவ்லின்.