உறைந்துபோன தலையும் உன் தேங்காய் எண்ணெயும்

கேமரா ஸ்டாண்டின் தலையில் முதல் ஸ்க்ரூ அசைந்ததுமே குப்பென்று வாடை அடித்தது. சிக்குப் பிடித்த தேங்காய் எண்ணெய். ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. அடிப்பாவி, நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வம்பு வளர்க்கிறாயே என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பார்க்கட்டும்.

உன் மகன் ஜோயலுக்கும் எனக்கும் ஒரு சண்டை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். செம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த மாதிரி ஃபிளாட் வாங்கியிருக்கிறான். இரும்புலியூர் வீட்டைக் காலி செய்கிறேன், ஒரு கை கொடுங்கள் என்று கூப்பிட்டான். போனால், உன் ஸ்டாண்டை வாசல் பக்கம் சாய்த்து வைத்திருந்தான்.

"இத லேம்ப்பா மாத்தப் போறேன் ஆன்ட்டி. தலைய எடுத்துட்டு, நடுவுல ஓட்டை போட்டு வயர் விட்டா போதும். மேல ஒரு ஷேடு. அம்மா ஞாபகமா ஹால்ல நிக்கும்."

"உங்கம்மா எதுக்குடா தலைய எடுத்துட்டு ஹால்ல நிக்கணும்?"

அவன் கெட்டவன் இல்லை. உன் மேல் பாசம் இருப்பதால்தான் தூக்கிப் போடாமல் லேம்ப் ஆக்கப் பார்க்கிறான். எனக்கும் புரிகிறது. ஆனாலும் ஸ்டாண்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "அது வேலையே செய்யாது ஆன்ட்டி, தலை ஜாம் ஆயிடுச்சு. அம்மாவே விட்டுட்டாங்க" என்றான். அந்த வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. நீயா விட்டாய்? உடம்பு உன்னை விட்டது. நீ எதையும் விட்டவள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கார்பெண்டர் வருகிறார் என்றான். அதற்குள் தலை திரும்பினால் ஓட்டை போடக் கூடாது என்று நான் சொன்னேன். "திரும்பலன்னா?" என்று கேட்டான். "திரும்பும்" என்று சொல்லிவிட்டு, ஸ்டாண்டைத் தோளில் சாத்திக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன். முழங்கால் வலி அன்றைக்குத் தெரியவே இல்லை.

இந்தத் தோளுக்கு அது புதுசா என்ன? நீ கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு முன்னால் நடப்பாய், நான் ஸ்டாண்டோடு பின்னால் வருவேன். வாரத்தில் ஐந்து நாள் நீ பூகோள டீச்சர், நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்காரி. சனி, ஞாயிறு வந்தால் தாம்பரத்தைச் சுற்றி எந்தக் கல்யாணத்திலும் நாம் இரண்டு பேர். ஒருமுறை மாப்பிள்ளையின் மாமா ஒருத்தர், "லேடீஸா? லைட்டெல்லாம் சரியா வருமா?" என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? "நீங்க மொதல்ல சிரிங்க சார், வெளிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றாய். மனுஷன் அதற்கப்புறம் எல்லா போட்டோவிலும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

எல்லாம் சரி. அந்த எண்ணெய் விஷயத்தில் மட்டும் உன்னோடு ஒத்துப்போகவே முடியவில்லை. இன்ஸ்டிடியூட்டில் இத்தனை மெஷினைத் துடைத்துப் போட்டவள் நான். சமையல் எண்ணெய் இரும்புக்கு ஆகாது, நாளானால் பிசின் மாதிரி இறுகிவிடும் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். கேட்டாயா? "தேங்காண்ணெ வெச்சா எல்லாம் சரியாயிடும்டி, நீ சும்மா இரு." வாசல் கேட்டுக்கும் அதுதான், ஜோயலின் சைக்கிளுக்கும் அதுதான், ஸ்டாண்டின் தலைக்கும் அதுதான். கையில் மிச்சம் இருப்பதை உன் தலையிலும் தடவிக்கொள்வாய்.

அந்தக் கிறிஸ்துமஸ் காலையை நான் எப்படி மறப்பேன். விடியற்கால ஆராதனை, ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவை போட்டோ எடுக்க வேண்டும். மார்கழிக் குளிர். வீட்டில் பாட்டிலில் எண்ணெய் கட்டியாகி நிற்கும் நாள். ஆராதனை தொடங்கும் முன்பே ஸ்டாண்டை நிறுத்திப் பார்த்தால், தலை மேல்நோக்கிப் பார்த்தபடி நின்றுவிட்டது. நீ கைப்பிடியில் தொங்கினாய், நான் தொங்கினேன், அசையவில்லை. கேமராவை வைத்தால் கூரையில் தொங்கும் காகித நட்சத்திரம் மட்டும்தான் தெரிந்தது.

"எண்ணெ உறைஞ்சு போச்சுடி" என்றேன்.

"எண்ணெய சொல்லாத. குளிரு அப்படி."

சொன்ன கையோடு காலிலிருந்து தலையைக் கழற்றினாய். முந்தானையில் நாலு சுற்றுச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாய். பிரசங்கம் முழுக்கக் கண்ணை மூடிக் குனிந்தபடி, நடுநடுவே முந்தானைக்குள் ஊதிக்கொண்டு. சர்ச்சுக்குப் புதிதாக வந்திருந்த பாஸ்டர் பிரசங்க மேடையிலிருந்து உன்னையே பார்த்தார். முடிந்ததும் நேராக உன்னிடம் வந்து, "சிஸ்டர், நீங்க இன்னைக்கு ஜெபிச்ச விதம் என் மனசத் தொட்டுடுச்சு" என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் செருப்பு தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். நீ கொஞ்சமும் அசராமல் "ஸ்தோத்திரம் பாஸ்டர்" என்றாய். தலை திரும்பியது. போட்டோவும் வந்தது. வீட்டுக்குப் போனதும் மறுபடி இரண்டு சொட்டு விட்டிருப்பாய், எனக்குத் தெரியாதா.

அந்த இரண்டிரண்டு சொட்டுதான் இப்போது என் எதிரி. ஹேர் டிரையரால் சூடு காட்டினேன். ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருந்தேன். மரக்கட்டையால் செல்லமாகத் தட்டினேன். முறுக்கித் திருகினால் உடைந்துவிடும் என்று தெரியும், அதனால் வாயால் திட்டியதோடு சரி. வெள்ளிக்கிழமை மதியம்தான் மனசு இரங்கி மொத்தமும் கழன்று வந்தது. உள்ளே பார்க்க வேண்டுமே! தேன்கலரில், நகத்தால் சுரண்டினாலும் வராத பிசுக்கு. பழைய டூத்பிரஷ்ஷும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்து தேய்த்தேன்.

தேய்க்கத் தேய்க்க அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உன் கால் வறண்டு வெடித்துக் கிடந்தபோது, "தேங்காண்ணெ தேச்சு விடுடி" என்றாய். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக உன் எண்ணெயை என் கையால் தேய்த்தேன். எல்லாம் சரியாகிவிடும் என்றாயே. ஆகவில்லையே. அதற்காக உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். கேமராவை என் கையில் கொடுத்து, "சும்மா பீரோல வெக்காத" என்றாய். ஸ்டாண்டைப் பற்றி ஜோயலிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

துடைத்துக் காயவைத்து, சுழல்கிற இடத்தில் மட்டும் அரிசியளவு கிரீஸ் தடவினேன். இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் தடவவில்லை. அங்கே வழுக்கினால் கேமரா குப்புற விழும். உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜோயலின் ஃபிளாட்டுக்குப் போனேன். கார்பெண்டர் டிரில்லிங் மெஷினை பிளக்கில் சொருகித் தயாராக இருந்தார். ஹால் நடுவில் மூன்று காலையும் விரித்தேன். கைப்பிடியைத் தளர்த்தி ஒரே விரலால் தள்ளினேன். தலை ஏரிப் பக்கமிருந்து சமையலறைப் பக்கம்வரை சத்தமே இல்லாமல் திரும்பியது. கைப்பிடியை இறுக்கினேன், கப்பென்று நின்றது.

கார்பெண்டர் தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், சோக்கா வேல செய்யுது. இத்தப் போயி ஓட்ட போட சொல்றியே? லேம்ப்புக்கு வேற கட்ட நான் கொண்டாரேன்."

ஜோயல் கைப்பிடியைப் பிடித்தான். இடமும் வலமுமாகக் கொஞ்ச நேரம் திருப்பிக்கொண்டே இருந்தான். அப்புறம் குனிந்து மோந்து பார்த்தான். "அம்மா வாசனையே இல்ல ஆன்ட்டி" என்றான். அதையும் நான்தானே தேய்த்து எடுத்தேன். "வாசனை வேணும்னா தலையில எண்ணெ வெச்சுக்கோ. இது வேலைக்குப் போகணும்" என்று சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சிரித்தான். ஸ்டாண்டை அவனே தூக்கி வந்து ஆட்டோவில் ஏற்றினான்.

ஆக, நான் ஜெயித்துவிட்டேன். எண்ணெய் விஷயத்திலும் சேர்த்துத்தான், நன்றாகக் கேட்டுக்கொள். உன் சர்ச் பாடகர் குழுவிடமும் பேசிவிட்டேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு போட்டோ நான் எடுக்கிறேன். "ஆன்ட்டி, ஃபோன்லயே எடுத்துக்கலாமே, இந்த வயசுல எதுக்கு ஸ்டாண்டெல்லாம்" என்றார்கள். வரிசையாக நின்று சிரிப்பது மட்டும்தான் உங்கள் வேலை என்று சொல்லிவிட்டு வந்தேன். விடியற்காலையில், அதே குளிரில், அதே மூலையில் நிறுத்துவேன். உறையாது. உறைந்தால் மட்டும் என்ன, தலையைக் கழற்றி முந்தானையில் சுற்றிக்கொண்டு உன் பெஞ்சில் போய் உட்காருவேன். கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிடுகிற இந்தப் பொம்பளை இங்கே என்ன ஜெபம் செய்கிறாள் என்று பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நெஞ்சோடு அணைத்து, கண்ணை மூடி, நீ ஊதிய மாதிரியே ஊதுவேன்.