சுக்கானுக்கு எதிரே ஒரு காற்றுமானி

மார்ச் 4
காற்றுமானி வாங்கப் படகுக் கருவிக் கடைக்குப் போனோம், நானும் அண்ணனும். கேள்வி கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னது அண்ணனுக்கு. "சார், வயர் இல்லாத மாடல் போட்டா வேலை சுலபம் சார்." சுக்கான் பிடித்துப் படகை ஓட்டுவது நான் என்று இரண்டு முறை சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் "சார்!" நான் என்ன, கூட வந்த குடையா?

மார்ச் 5
எழுதினால்தான் ஆறும். எனக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம். அண்ணாந்தே பார்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாய்மர உச்சியில் சுழலும் அம்பைப் பார்க்காமல் காற்று எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் உச்சியில் ஒரு சென்சார், என் கண்ணுக்கு நேரே ஒரு திரை. கேட்டது அவ்வளவுதான். கிடைக்காவிட்டால் இத்தனை வருடம் பிடித்த சுக்கானை விட வேண்டியதுதான். படகு இருவருக்கும் பொது என்பது பேச்சுக்கு மட்டும்தானா?

மார்ச் 9
அண்ணன் தானே போய் வாங்கிவிட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 14
பொருத்தியும் விட்டான். திரையை மாட்டியது எங்கே? கேபினுக்குள், தான் உட்காரும் மேசைக்கு மேலே! சுக்கானிலிருந்து பார்த்தால் அவன் முதுகுதான் தெரியும்.

"வெளிய வச்சா நனைஞ்சிடும்ல?"

படகில் மாட்டுகிற கருவி நனையக் கூடாதாம்! மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை.

"யாருக்காக வாங்கின இத?" என்று கத்தினேன்.

"உனக்கு முடியலன்னா நான் ஓட்டுறேன். எதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

ஓ. அப்படியா சேதி.

மார்ச் 15
அண்ணியிடம் கொட்டித் தீர்த்தேன். சிரிக்கிறாள். "டிவி ரிமோட்டையே அவர் கையிலேர்ந்து வாங்க முடியல. நீ சுக்கானுக்குப் போராடுற."
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 22
சரி, நீயே ஓட்டு என்று சுக்கானைக் கொடுத்துவிட்டேன். நான் உள்ளே, அந்த மேசையில். துறையைத் தாண்டியதுமே ஆரம்பித்தான். "காத்து எங்கேர்ந்து?" "வலப்பக்கம், நாப்பது டிகிரி." "இப்போ?" "முப்பது." "இப்போ?"

"அண்ணாந்து பாரேன், உன் கழுத்துக்கு என்ன கேடு?" என்றேன். பார்த்தான். பார்த்த நேரத்தில் படகு காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்ப, பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, நடுக்கடலில் நின்றேவிட்டது.

"மேல பாக்குறதா, முன்னால பாக்குறதா? உள்ள இருக்கிற திரை வெளிய இருந்தா என்ன?" என்று என் மேல் எரிந்து விழுந்தான். என் மேல்!

மார்ச் 29
துறைக்குப் போனபோது அண்ணன் சுக்கானுக்கு எதிரே மண்டியிட்டு, கேபின் சுவரின் வெளிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் துளைபோடும் கருவி. மன்னிப்பா? அது அவன் அகராதியிலேயே கிடையாது.

"உக்காரு. நீ ஓட்டுறப்ப உக்கார்ற மாதிரி."

உட்கார்ந்தேன். திரையைச் சுவரோடு பிடித்துக்கொண்டு, "இன்னும் கீழயா?" என்றான்.

"ஒரு விரல்."

இறக்கினான். இதை அன்றைக்கே கேட்டிருந்தால் என்ன? கோபம் இன்னும் போகவில்லை. அழுகை வேறு வந்து தொலைத்தது.

மதியம் காற்று நன்றாக இருந்தது. நான்தான் ஓட்டினேன்.