ஆளில்லாத மாடியின் மின்சாரம்

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நானும் குழந்தைகளும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீங்கள் போனை எடுக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பல்கலைக்கழகத்தில் என் வேலை உங்களுக்குத் தெரியுமே. எந்தக் கட்டடம் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது, அதனால் எவ்வளவு கரியமில வாயு காற்றில் கலக்கிறது என்று அளப்பது. அலுவலகத்தில் எனக்குப் ‘புகைக்காரி’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். விடுமுறை நாளில் அளந்தால்தான் கட்டடத்தின் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும். அண்ணன் காலமான பிறகு, இதே பல்கலைக்கழகத்தில் அவர் ஆராய்ச்சி செய்த மாடியே பூட்டிக் கிடக்கிறது. மீட்டர் மட்டும் ஓய்வதில்லை. எலக்ட்ரீஷியன் என்னிடம், “ஆளே இல்லாத மாடி இவ்ளோ கரண்ட் இழுக்குதே, உள்ள யாரும்மா இருக்கா?” என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

ஞாயிறு மதியம் சாவி வாங்கித் திறந்தேன். அண்ணனுடைய கணினியும் ஏசியும் ஓடிக்கொண்டிருந்தன. சுவிட்சுக்கு மேலே அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘அணைக்காதீர்கள், கணக்கு ஓடுகிறது.’ மாடியைப் பூட்ட வந்தவர்கள்கூட அந்தப் பேச்சைத் தட்டவில்லை. வீட்டில் நாம் யார் அவர் பேச்சைக் கேட்டோம், சொல்லுங்கள்!

குளிர் தாங்கவில்லை. நாற்காலியில் தொங்கிய அவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அளவுக் கருவியை மாட்டக் குனிந்தேன். நிமிர்ந்தால் கணினியின் கேமரா விளக்கு பச்சையாக எரிகிறது. நான் எதையும் தொடவில்லை. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. பிறகு அப்படியே நின்றது. வெகுநேரம் நின்றது. அப்புறம் விளக்கு அணைந்தது. அண்ணன்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன், அண்ணி. நாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டுகிறவள், பேயை நம்பி அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வெளியூரிலிருந்தே அந்தக் கணினிக்குள் நுழையும் கடவுச்சொல் உங்களுக்கும் தெரியும். இத்தனை நாளும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

அன்று நீங்கள் பார்த்தது என்னை. அவருக்கும் எனக்கும் ஒரே நெற்றி, மேலே அவர் ஸ்வெட்டர். அது அவர் இல்லை அண்ணி, நான்தான்.

அந்த மாடியின் மின்சாரத்தை அறிக்கையில் எழுதிவிட்டேன். மறைக்க முடியாது. மாதக் கடைசியில் இணைப்பைத் துண்டிக்கிறார்கள். அதற்கு முந்தைய ஞாயிறு மதியம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். நடுங்கினாலும் ஸ்வெட்டர் போட மாட்டேன், அது உங்களுக்கு. பச்சை விளக்கை எரியவிடுங்கள். வேண்டிய மட்டும் பாருங்கள். போதும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் என் கை சுவிட்சுக்குப் போகும்.

அதுவரை ஒரு தடவையாவது போனை எடுங்கள். உள்ளே யாரும் இல்லை, அண்ணி. வெளியே நான் இருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்