சனிக்கிழமை சமையல் என்னுடையது

பிப்ரவரி 4

அன்பு அம்முவுக்கு,

இங்கே நான் நலம். நீயும், உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலம்தானே? எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். அட்டையில் நூல் கட்டி, அதைத் தடவி வரி பிடித்து எழுதப் பழக்கியிருக்கிறார்கள். நூலைத் தாண்டிப் போனால் நான் பொறுப்பில்லை.

ஒரு சந்தோஷம். இந்தப் பயிற்சி இல்லத்தில் இருபத்துநான்காம் தேதி சனிக்கிழமை எங்களை வீட்டுக்கு விடுகிறார்கள். சாயங்காலம் வந்து மறுநாள் காலையில் திரும்ப வேண்டும். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு நான் சமைக்கிறேன். வெல்டிங் பட்டறையில் நெருப்போடு இருந்தவனுக்கு வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் என்றே தெரியாமல் இருந்தது. கண் போன பிறகுதான், இங்கே வந்து, அடுப்பைப் பிடித்தேன். சோறு, மீன் வறுவல், உருளைக்கிழங்கு. அவ்வளவுதான் வரும்.

நீ எழுந்து வரக் கூடாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிரு. சாப்பிட்ட பிறகு என்ன செய்யலாம் என்று நீ யோசித்து எழுது. முன்பெல்லாம் டிவியைப் போட்டுவிட்டு அதற்கு முன்னாலேயே தூங்கிவிடுவேன். இந்தத் தடவை அப்படி வேண்டாம்.

உன் பட்டறைக்காரன்

பிப்ரவரி 8

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். இதை உங்களுக்கு யார் படித்துக் காட்டுவார் என்று தெரியவில்லை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீங்கள் வருவது மகிழ்ச்சி. சிரமப்பட வேண்டாம். மருந்துக்கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நானே சமைத்து வைக்கிறேன். நீங்கள் அடுப்புப் பக்கம் போகாமல் இருந்தால் எனக்கு நிம்மதி. அண்ணி ஒத்தாசைக்கு வருகிறேன் என்கிறார். சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் ரேடியோ கேட்கலாம். சீக்கிரம் படுத்தால் உங்களுக்கு ஓய்வாக இருக்கும்.

அண்ணன் உங்களிடம் ஏதோ பேச வேண்டும் என்கிறார். நேரில் பேசிக்கொள்ளலாம்.

மருந்தை நேரத்துக்குப் போடுங்கள்.

இப்படிக்கு,
அம்மு

பிப்ரவரி 12

அன்பு அம்முவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டியவர் இங்கே சமையல் சொல்லித்தரும் மாஸ்டர். படித்து முடித்துவிட்டு, "எழுதினது யாரு, ஆஸ்பத்திரி நர்ஸா?" என்று கேட்டார். "இல்ல சார், என் பொண்டாட்டி"ன்னு சொன்னேன். மனிதர் கடிதத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் பேசப் போவது எனக்குத் தெரியும். போன மாதமே இங்கே வந்துவிட்டுப் போனார். "மாப்பிள்ளை, அவ சின்னப் பொண்ணு. எங்ககூடவே வந்து இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியதை நாங்க பாத்துக்கிறோம்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. "அவ என்ன சொல்றா?" என்று கேட்டேன். "அவ ஒண்ணும் சொல்லல" என்றார். அதுதான் நெஞ்சில் தைத்தது.

அதனால் கேட்கிறேன். அண்ணி வேண்டாம், அண்ணன் வேண்டாம். நாம் இரண்டு பேர் மட்டும். ஒரு ராத்திரி இந்த ஆளோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பார். அதற்குப் பிறகு போவதென்றால் போ. நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

சாப்பிட்டதும் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வரலாமா? கோலை வைத்து நன்றாக நடக்கிறேன். நீ பார்த்ததில்லை.

உன் பட்டறைக்காரன்

பிப்ரவரி 16

அன்புள்ள உங்களுக்கு,

அண்ணன் அங்கே வந்தது எனக்குத் தெரியாது. கேட்டுச் சண்டை போட்டேன். அண்ணி வர மாட்டார். மீனும் கிழங்கும் வாங்கிக் கழுவி வைக்கிறேன். மற்றதெல்லாம் உங்கள் பாடு.

நடை மட்டும் வேண்டாமே. எல்லோரும் வாசலில் நிற்கிற நேரம் அது. மொட்டை மாடியில் பாய் போட்டு உட்காரலாம். காற்று நன்றாக வரும்.

அண்ணனிடம் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று இப்போது கேட்காதீர்கள். இன்னொருவர் வாயால் படிக்கிற கடிதத்தில் அதை எழுத எனக்கு வரவில்லை.

அம்மு

பிப்ரவரி 20

அம்மு,

மாடி போதும். தெருவைப் பற்றி எழுதியிருந்தாய். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நீதான் அந்தத் தெருவில் தினம் நடக்க வேண்டியவள்.

பஸ் நிலையத்துக்கு வராதே. மாஸ்டர் ஆட்டோ ஏற்றிவிடுகிறார்.

உன் பட்டறைக்காரன்

பிப்ரவரி 27

என் அன்பானவருக்கு,

மாஸ்டர் ஐயா, இதையும் நீங்கள்தான் படிப்பீர்கள். நான் கூச்சத்தை விட்டு எழுதுகிறேன், நீங்களும் கூச்சப்படாமல் படித்துவிடுங்கள்.

மீனைப் போடும்போது எண்ணெய் தெறித்து உங்கள் மணிக்கட்டில் பட்டது. நீங்கள் வாயைத் திறக்கவில்லை. நான் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "என்ன, பேச்சையே காணோம்?" என்று கேட்டீர்கள். அழுதுகொண்டிருந்தேன். "வாசனை நல்லா இருக்கு"ன்னு சமாளித்தேன். பிறகு நீங்கள் விரலால் தடவிப் பார்த்து, பெரிய துண்டாக எடுத்து என் தட்டில் வைத்தீர்கள்.

மாடியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்போது பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். ஆமாம், போய்விடலாமா என்று யோசித்தேன். கண்ணுக்காக இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், தண்ணீர் கொடுத்தால்கூட "உனக்குத் தொந்தரவு" என்றீர்கள். எது செய்தாலும் மன்னிப்புக் கேட்டீர்கள். ஒரு விருந்தாளியோடு எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? நானும் நர்ஸாகத்தான் ஆகிப்போனேன். சனிக்கிழமை அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, "உக்காருன்னா உக்காரு" என்று அதட்டினீர்களே, அப்போதுதான் என் வீட்டுக்காரர் குரலைக் கேட்டேன்.

அதனால்தான் பாயைச் சுருட்டிவிட்டு, "வாங்க, தெருவுல நடந்துட்டு வரலாம்" என்று நானே கூப்பிட்டேன். எதிர்வீட்டில் பேச்சு நின்றது உங்களுக்கும் கேட்டிருக்கும். "பாக்குறாங்களா?" என்றீர்கள். "பாக்குறாங்க" என்றேன். "எப்படி?" என்றீர்கள். "கல்யாணத்தன்னைக்குப் பாத்த மாதிரி" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு அதுவரைக்கும் இருந்த வெட்கம் அங்கேயே கழன்று விழுந்தது.

அண்ணனிடம் நேற்று, "நான் வரல, என் வீடு இதுதான்" என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார். வர நாளாகும். அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது.

இன்னொன்று. அவரிடம் எதுவும் குறை சொல்லாதே, மனசு உடைந்துபோகும் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, இத்தனை மாதம் வாயைக் கட்டி வைத்திருந்தேன். இனிமேல் முடியாது. மீனில் உப்பு ரொம்ப அதிகம். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள், மெத்தை நாறுகிறது. இடது தாடைக்குக் கீழே ஒரு திட்டு சவரம் பண்ணாமல் விட்டிருந்தீர்கள். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட நேரமெல்லாம் என் கண் அங்கேதான் போனது. அடுத்த தடவை கையால் நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்திவைத்து நானே வழித்துவிடுவேன், தெருவே பார்த்தாலும் சரி.

உங்கள்
அம்மு