தெரிந்தவரின் பண்ணை

அன்புள்ள குணாளனுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும், இனி முடியாது. நீ நலமாக இருப்பதாக அம்மா சொல்கிறாள், நாங்களும் மூச்சுக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். ரதிக்குச் செனாவாங் ஃபேக்டரியில் மறுபடியும் இரவு ஷிஃப்ட், மோட்டார் சைக்கிளில் தனியாகத்தான் போய்வருகிறாள், அண்ணன் என்று நீ ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

உன் கம்பெனி அனுப்பிய, கற்பூரவல்லி வாடையடிக்கும் அந்த மூலிகைத் தூள் விஷயத்துக்கு வருகிறேன். பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்குக் குடல் கெட்டுக் கழிச்சல் வருகிறது, ஆன்டிபயாட்டிக் இல்லாமல் இந்தத் தூளால் நிற்குமா பாருங்கள் அப்பா என்று நீதான் கேட்டாய். பண்ணை முதலாளி தவுக்கேயிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். நீ சொன்ன அளவில் கலந்தபோது வாடை தாங்காமல் குட்டிகள் தீவனத்தில் வாயே வைக்கவில்லை, பாதியாகக் குறைத்த பிறகுதான் தின்றன. தினமும் குனிந்து கழிவைப் பார்த்து உனக்குப் படம் அனுப்பினேன். முன்கொட்டில்களில் கழிச்சல் நின்றது, கடைசிக் கொட்டிலில் ஒரு மாற்றமும் இல்லை, குட்டிகள் செத்தன. உன் அறிக்கையில் அதையும் எழுது, மறைக்காதே.

மறைப்பது உனக்குக் கைவந்துவிட்டதால் சொல்கிறேன். அன்று வீடியோ காலில் உன் வருங்கால மாமனார் இராஜரத்தினம், உன் தூளைச் சோதித்த அந்தப் பன்றிப் பண்ணையை யார் பார்க்கிறார் என்று கேட்டார். தெரிந்தவர் ஒருவர் என்றாய். “அந்த ஆள் குளிக்கிறவரோ?” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். நான் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், என் முகமும் உங்கள் திரையில் தெரிந்தது. பிறகு அவர் என்னைப் பார்த்து, நீ அவர்களிடம் சொல்லிவைத்திருந்த அந்தச் செம்பனைத் தோட்டத்து மேனேஜர் வேலையெல்லாம் எப்படி என்று மரியாதையாகக் கேட்டார். நல்லபடியாகப் போகிறது என்றேன், உனக்காக.

பன்றி வேலைக்காரன் என்று தோட்டத்துக் கோயில் கமிட்டியில் என்னைச் சேர்க்காத மாயாண்டியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவன் முகத்துக்கு நேராகச் சொன்னான். நீ விமானம் ஏறியது பன்றிப் பண்ணைச் சம்பளத்தில், உன் சம்பளமும் இப்போது பன்றிக் குடலிலிருந்துதான் வருகிறது.

கல்யாணத்துக்கு அம்மா வருவாள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று உன் வாயால் அவர்களிடம் சொன்னால் நானும் வருவேன், இல்லாவிட்டால் மணவறையில் உன் பக்கத்தில் நிற்க அந்த மேனேஜரையே கூப்பிட்டுக்கொள்.

தர்ஷிகா நல்ல பெண், இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழுங்கள். குளிரில் காதை மூடிக்கொள், உனக்குச் சின்ன வயதிலிருந்தே காது ஆகாது. கீழே அப்பா என்று எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன், எழுதவில்லை. கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன். தெரிந்தவர் ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்.