கல்லுக்குக் கீழே ஈரம்

இஞ்சாருங்கோ,

மகளின் சட்டையை இன்று பேசினுக்குள் ஊறப்போட்டேன். கிண்டர்கார்டனில் பிள்ளைகளுக்குக் களிமண் கொடுத்து விளையாட விடுகிறார்கள். முழங்கை வரை அப்பிக்கொண்டு வந்திருந்தாள். தண்ணீர் பட்டதும் அந்த மணம் எழும்பியது. காய்ந்து கிடந்த களியில் முதல் ஈரம் படும்போது வருமே, அது. குழாயைப் பூட்டாமலே நின்றிருக்கிறேன். "அம்மா, தண்ணி வழியுது" என்று அவள் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது.

நீங்கள் போய் இரண்டாவது இலையுதிர் காலமும் முடிகிறது. உங்களைக் கடலில் கரைக்க என்னால் முடியவில்லை என்பதை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்தே இவ்வளவு பிந்திவிட்டது. உங்கள் அம்மா கேட்டது அது ஒன்றுதான். சாம்பல் கடலில் சேர வேண்டும். கீரிமலை இல்லாவிட்டால் எந்தக் கடலென்றாலும் சரி என்றார்.

அந்த மணம் எனக்கு ஓமான் மலை. கலியாணம் முடித்து நான் அங்கே வந்து இறங்கியதும், நீங்கள் என்னை முதலில் கூட்டிப்போனது கடைத்தெருவுக்கு இல்லை, மண்ணைப் பார்க்கத் தோண்டிய ஒரு குழிக்கு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நானும் மண் படித்தவள்தான். ஆனால் அப்படி ஒரு மண்ணைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. மேலே கருகிய கற்கள் ஓடு பதித்ததுபோலப் பரவிக் கிடந்தன. கீழே செங்கபிலக் களி, அதிலும் பாதி கல். ஒரு முழம் போக முன்னமே பாறை. அலவாங்கின் இரும்பு முனை மோதிச் சத்தம் எழும்பியது. "உம்மட அப்பா தந்த சீதனக் காணியும் இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள், கோபம் வருகிறதா என்று.

ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினீர்கள். அடிப்பக்கம் வெள்ளையடித்ததுபோலச் சுண்ணாம்பு படிந்திருந்தது. எப்போதோ பெய்த மழை அந்த ஆழம்வரை இறங்கி, அங்கேயே காய்ந்துபோனதன் அடையாளம். களியை நனைத்துப் பெருவிரலால் தள்ளினால் நாடாபோல நீளும். காய்ந்தால் செங்கல். தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஆனால் வேர் இழுத்தால் விடாது. கஞ்சப் பயல் என்று அந்த மண்ணுக்குப் பெயர் வைத்திருந்தீர்கள். அங்கே நின்ற ஒன்றிரண்டு முள்மரங்கள்கூட அதை நம்பவில்லை. பாறை வெடிப்புக்குள் வேரை விட்டுத்தான் நின்றன.

அந்தச் சரிவில் பார்லி விதைத்துக் காட்ட வேண்டும் என்பதுதான் உங்கள் வேலை. பயிர் வந்தால் ஒப்பந்தம் நீளும். வராவிட்டால் நாங்கள் வெளிக்கிட வேண்டும். ஊரில் எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் நடந்து முடிந்திருந்தது. வெளிக்கிட்டுப் போக எங்களுக்கு இடம் இல்லை.

யாழ்ப்பாணத்தாருக்குக் கல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. தலைமுறை தலைமுறையாகச் செம்மண் காணிகளில் கல் பொறுக்கித்தானே தோட்டம் செய்தார்கள். நாங்களும் பொறுக்கினோம். நான் தலையில் சீலையைச் சுற்றிக்கொண்டு கூடவே குனிந்து நின்றேன். கல்லையெல்லாம் ஓரத்தில் மதிலாக அடுக்கி, மண்ணைக் கொத்தி, ஊரில் வெங்காயத்துக்குக் கட்டுவதுபோலப் பாத்தி கட்டினீர்கள். மலைக்கு நடுவில் அது ஒரு துண்டு இணுவில் தோட்டம் மாதிரி இருந்தது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினீர்கள்.

பார்லி முளைத்து விரல் உயரம் வந்திருந்தபோது மழை வந்தது. அங்கே எப்போதாவது வருகிற, அடித்து ஊற்றுகிற மழை. மூடிக் காத்த கல் இல்லாததால் துளிகள் நேரே களியில் விழுந்து நிலத்தை மெழுகிவிட்டன. தண்ணீர் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடிப்போனது. பிறகு அடித்த வெயிலில் பாத்திகள் வெடித்து ஓடு ஓடாகக் கிளம்பின. பார்லி கருகியது. நாங்கள் கை வைக்காமல் விட்ட ஓரத்தில், கற்களுக்கு இடையில், தவறிச் சிந்திய விதைகள் மட்டும் பச்சையாக நின்றன. அங்கே குந்தி ஒரு கல்லைத் தூக்கினீர்கள். கீழே ஈரம்.

"படிச்சதை விட்டிட்டு எங்கட அப்பு செய்ததைச் செய்திருக்கிறன்" என்றீர்கள். கல்லை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தீர்கள்.

ஒப்பந்தம் நீளவில்லை. அதன் பிறகுதான் கிழக்கு பெர்லினும், ரயிலும், ஹம் நகருக்குத் தெற்கே இந்தச் சிறிய ஊரும், அகதிகளுக்கான ஹைமில் ஒரு அறையும். மகள் இங்கே பிறந்தாள். உங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. நகரசபை கொடுத்த பூங்கா வேலை மட்டும்தான். முதல் நாள் நகத்துக்குள் மண்ணோடு வந்து, "ஒரு கல்லுக்கூட இல்லையப்பா, குடைக்கம்பியை நட்டாலும் தழைக்கும்" என்று சொன்னீர்கள். அந்தப் பூங்காவில் இலை கூட்டிக்கொண்டு நின்றபோதுதான் நெஞ்சு நோகிறது என்று நிலத்தில் குந்தினீர்கள். நீங்கள் போய்விட்டீர்கள் என்று ஆஸ்பத்திரியில் எனக்குச் சொன்னபோது நான் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். குடித்து முடியும்வரை போத்தலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது அழவில்லை. இன்னும் இல்லை.

சாம்பலைக் கையில் தர மாட்டோம், இந்த நாட்டுச் சட்டம் அது, மயானத்தில்தான் புதைக்க வேண்டும் என்று மயான அலுவலகத்துப் பெண் சொன்னாள். நல்ல மனிசி. எனக்குத் தெரிந்த டொச் மொழி பிழையோ என்று நினைத்து, பக்கத்து அறை அண்ணையைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். வட கடல் வரைக்குமாவது கொண்டுபோகலாமா என்று கேட்கச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, அகதி உயிரோட இருக்கேக்கையும் இந்த மாவட்டத்தை விட்டு வெளியால போக ஏலாது. செத்தாப் பிறகும் ஏலாதாம்."

அவர் என்ன சொன்னார் என்று அந்தப் பெண் கேட்டாள். அண்ணை நன்றி என்று மட்டும் டொச்சில் சொன்னார்.

புதைக்கிற நாளில் மகள் குழி விளிம்புக்குப் போய்விடுவாளோ என்று அவளை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். குழி அவள் உயரம் இருக்கும். நான் பார்த்தது குழியின் சுவரைத்தான். மேலே கருமை, கீழே மஞ்சள் கலந்த கபிலம். காற்று எந்தக் காலத்திலோ கொண்டுவந்து சேர்த்த மண். பாறை எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஆழம். தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை.

உங்கள் அம்மாவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். பதில் வரவே இல்லை. இந்தக் கோடையில் உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி எங்கள் ஹைமுக்கு வந்து சேர்ந்தாள். அவளிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்தில் பெரியவர்களை எரிப்பது, குழந்தைகளைப் புதைப்பது என்று உங்களுக்குத் தெரியும்தானே.

"உங்கட கடிதத்தை மாமி மடிச்சு வைச்சா, அக்கா. பிறகு சொன்னா, தாட்டுப்போட்டினமோ, சரி, சின்னப்பிள்ளையளைத் தாழ்க்கிறதுதானே, எனக்கு அவன் சின்னன்தானே எண்டு. நான் வெளிக்கிடேக்க திரும்பவும் கூப்பிட்டா. அங்க மழை கூடவாம், பிள்ளை ஈரத்தில கிடக்கிறானோ எண்டு ஒருக்காக் கேளெண்டு சொன்னவ."

அதற்கு விடை எனக்குத் தெரியும். இங்கே பெய்கிற மழை ஓடிப்போவதில்லை, எல்லாம் இறங்கும். அதை நான் எழுதவில்லை. காய்ந்த இடம்தான் மாமி என்று எழுதிப் போட்டேன்.

ஆனால் மழை தொடங்கினால் நான் மணிக்கூட்டைப் பார்க்கிறேன். மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாலும் மனம் தன்பாட்டில் கணக்குப் போடுகிறது. மேல் மண் நனைய இவ்வளவு நேரம், அதற்குக் கீழே இவ்வளவு. உங்களிடம் அது போய்ச் சேரும்போது இங்கே மழை விட்டிருக்கும், தெருவும் காய்ந்திருக்கும். அந்த நேரத்துக்கு எழும்பிப்போய் மகளின் காலுறையைத் தொட்டுப் பார்க்கிறேன், நனைந்திருக்கிறதா என்று.