பங்குனிப் பந்தல்

இன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கடையின் தகரக் கூரைமேல் ஆலங்கட்டி விழுந்தது. முதலில் ஒன்று, அப்புறம் நாலைந்து, அப்புறம் கூடை கூடையாகக் கொட்டினாற்போல. பஜாரே ஓடி ஒதுங்கியது. பத்து நிமிடம்தான். மழை விட்டதும், சுரங்க மண் குவிந்து கிடக்கும் சயனைடு மேட்டுப் பக்கமிருந்து அந்த வாசனை வந்தது, நனைந்த சாம்பலும் துருவும் சேர்ந்தாற்போல. பெயின்ட் டப்பாக்களை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு வாசலில் நின்றேன். நீ போன பிறகு வரும் இரண்டாவது பங்குனி இது.

பங்குனியை நீ ஒருநாளும் நம்பியதில்லை. "காலைல ஸ்வெட்டரு, மத்தியானம் விசிறி, சாயங்காலம் கொட. ஒரே நாள்ல மூணு மாசத்த காட்டிடும்டா நம்ம ஊரு" என்பாய். ஷிப்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை என் கடை முன்னால் நிறுத்தி, கிழக்கே ஆந்திரா பக்கத்து மலைகளைப் பார்ப்பாய். மங்கலாகத் தெரிந்தால் பேசாமல் போய்விடுவாய். பாறையும் புதரும் தனித்தனியாகத் தெரிந்தால், "மல கிட்ட வந்துக்கீது. சரக்க உள்ள எடுத்து வெச்சிக்கோ" என்று ஒரு குரல் கொடுப்பாய். பாதி நாள் சரியாக இருக்கும். மீதி நாள் நான் உன்னைக் கிண்டல் செய்வேன்.

என் மகள் கல்யாணம் நினைவிருக்கிறதா? தான் பிறந்து வளர்ந்த சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பு வீட்டுக்கு எதிரே உள்ள மைதானத்தில்தான் பந்தல் போட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். எனக்கும் அதில் ஒரு பெருமை. கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது உன்னிடம் சொன்னேன்.

"பங்குனில வெட்டவெளியில பந்தலா? இன்னாடா நெனச்சிக்கினு கீற? காத்து ஒரு சுத்து சுத்துனா கம்பு கூட மிஞ்சாது. எதுனா ஹாலா பாரு."

"அது அவ ஆச."

"ஆசன்னா மழ கேக்குமா?"

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரில் நீ சொன்னது எனக்குச் சுருக்கென்றது. "உனுக்கு ஒரு பொண்ணு இருந்தா தெரியும்" என்றேன்.

சொன்ன அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. நீயும் உன் மனைவியும் எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை கோயில் ஏறி இறங்கினீர்கள் என்று எனக்குத் தெரியாதா? சில தடவை கூட வந்தவனே நான்தானே. பாதி டீயோடு டம்ளரைப் பலகைமேல் வைத்தாய். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனாய், ஏறி மிதிக்கவில்லை.

பத்து நாள் நீ கடைப்பக்கம் வரவில்லை. பத்திரிகை வைக்க உன் வீட்டுக்கு வந்தபோது நீ ஷிப்டில் இருந்தாய். உன் ஷிப்டு நேரம் தெரிந்துதான் நான் வந்தேன். இதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் முகூர்த்தம் என்றால் முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன். அன்று காலையில் பல் துலக்கும்போதே பார்த்துவிட்டேன், மலைகள் கிட்ட வந்து நின்றன, கையை நீட்டினால் எட்டிவிடும்போல. யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் வெயில் கொளுத்தியது. மூன்று மணிக்கு மேட்டுப் புழுதியைத் தூக்கிக்கொண்டு காற்று சுழன்றது, தெருவே வெள்ளையாயிற்று. அப்புறம் ஆலங்கட்டி. மேடை சாய்ந்தது, பந்தல் துணி தந்திக் கம்பத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. சமையல் அடுப்பு அணைந்தது. மாப்பிள்ளை வீட்டு வேன் வேலூரிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நான் அசையாமல் நின்றேன். என்ன செய்வதென்று யாரோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அப்போதுதான் நீ வந்தாய். தலையில் கோணிப்பை, பின்னால் உன்னோடு டர்னர் ஷாப்பில் லேத் ஓட்டும் ஆட்கள் எட்டுப் பேர். என்னைப் பார்க்கவே இல்லை. "டேய், அண்டாவ ரெண்டு பேரு தூக்கு. நாற்காலிய அப்பாலிக்கா பாத்துக்கலாம். மொதல்ல அரிசி" என்று கத்தினாய். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் கையில் வைத்தாய்.

"இஸ்கூல் ஹாலு. தொறந்து லைட்ட போடு. போ."

பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம். சாவி உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது, நனைந்த பட்டுப்புடவையோடு அழுதுகொண்டிருந்த என் மகளைத் தார்ப்பாயில் மூடி அழைத்து வந்துகொண்டிருந்தாய். "அழாத கண்ணு. ஒன் கல்யாணத்துக்கு மழ முன்னாடியே வந்து எடம் புடிச்சிக்கிச்சு, அவ்ளோதான்." அழுகைக்கு நடுவே அவள் சிரித்தாள்.

வேன் வந்து நின்றபோது ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. கரும்பலகையில் கிடந்த கணக்கை யாரோ அழித்து மணமக்கள் பெயரை எழுதியிருந்தார்கள். மறுநாள் காலை வானம் கழுவி வைத்தாற்போல இருந்தது. தாலி கட்டும்போது உன்னையும் உன் மனைவியையும் இழுத்து வந்து எங்கள் பக்கத்தில் நிறுத்தினேன்.

பந்தியில் உன் அருகே உட்கார்ந்து ஆரம்பித்தேன். "அன்னிக்கு நான் சொன்னது..."

"சாம்பார் ஆறிடும், துன்னு" என்றாய்.

பல வருஷம் கழித்து, கோலார் ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது இன்னொரு தடவை முயன்றேன். "எத சொல்ற? எனுக்கு ஞாபகமே இல்லடா" என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உனக்குப் பொய் சொல்லவே வராது.

உன் காரியம் முடிந்த மறுநாள், அடக்க முடியாமல் உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்ண்ணா. அன்னிக்கு அவரு சாப்புடல. செவுத்த பாத்துக்கினு படுத்துட்டாரு. காலைல எழுந்து மொத வேலையா சாவி கேக்க எட்மாஸ்டர் வீட்டுக்குத்தான் போனாரு. 'அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க'ன்னேன். 'சொன்னா அவன் பந்தலே வாணாம்னுடுவான். பொண்ணு ஆசப்படுதே. மழ வரலன்னா சாவிய சத்தமில்லாம குடுத்துட்டு வந்துடுவேன்'னாரு."

பத்து நாளும் நீ கோபமாக இருக்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். சிரிக்கச் சிரிக்கப் பேசும் உன் வாயில் ரகசியம் தங்காது என்றுதான் நீ என் கண்ணில் படாமல் இருந்திருக்கிறாய்.

இன்று மழை விட்டதும் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். "அங்க மழையாப்பா? இங்க வெயில் பொளக்குது." நான் உன்னைச் சொன்ன அந்த வார்த்தையை அவளிடம் முதல் முறையாகச் சொன்னேன், மறைக்காமல்.

"ஏம்ப்பா மாமாவ அப்படி சொன்ன?" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம வரேன். ஒன் வீட்டுக்கு இல்ல, அத்த வீட்டுக்கு. பசங்களயும் கூட்டினு வந்து ரெண்டு நாள் அங்கதான் இருக்கப் போறேன்" என்றாள்.

உன் மனைவியிடம் போய்ச் சொன்னேன். உடனே எழுந்து, பிள்ளைகளுக்குப் போர்த்த கம்பளி போதுமா என்று பீரோவைத் திறந்து எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

மன்னித்துவிடுடா. நீ இருந்திருந்தால் இந்தத் தடவையும் என்னை முடிக்க விட்டிருக்க மாட்டாய். இப்போது முழுதாகச் சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்தச் சொல்லின் பாரம் என்னைவிட்டு இறங்கவில்லை. இறங்க வேண்டாம். உன்னைப் போன்ற ஒருவன் எனக்கு நண்பனாக இருந்தான் என்பதும் அதோடு சேர்ந்துதானே என்னிடம் இருக்கிறது.